மைதானத்தில் வைத்த பெயர்

அந்த நடுநிலைப் பள்ளியில் அவளை எல்லோரும் விசில் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும்; சாப்பிடும்போதுகூடக் கழற்றுவதில்லை. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு விளையாட்டு ஆசிரியை. வயது இருபத்தைந்து. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள்.

பட்டம் வாங்கியது வீட்டுக்குப் பெருமைதான். என்ன பட்டம் என்று சொல்ல வேண்டி வந்தால்தான் அந்தப் பெருமை கொஞ்சம் நொண்டும். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் அப்பா, "எம் பொண்ணு டீச்சர்" என்பார். என்ன பாடம் என்று யாராவது கேட்டால், "எல்லாந்தான்" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிவிடுவார். அத்தைக்கு அந்த ஒளிவுமறைவெல்லாம் கிடையாது. "ஓடுறதுக்கும் குதிக்கிறதுக்கும் காலேஜாடி? எங்க வீட்டு ஆட்டுக்குட்டி பொறந்த அன்னிக்கே பண்ணிச்சே!" என்று வீடு நிறைய ஆள் இருக்கும்போது கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அப்படிச் சிரித்து வைப்பது அவளுக்குப் பழக்கம். கல்லூரியில் முதல் மாதம், அவள் ஆங்கிலத்தில் வாசித்த ஒரு வரியைப் பேராசிரியர் ஒருவர் அப்படியே இழுத்து ராகம் போட்டுத் திருப்பிச் சொன்னார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. கூடச் சேர்ந்து அவளும் சிரித்தாள். அன்று முதல் அவர் அந்த ராகத்தில்தான் அவளைக் கூப்பிடுவார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அந்த சார் எங்கிட்டதாம்மா ரொம்ப ஜாலியா பேசுவாரு" என்றாள். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தாள்.

அவள் வருவதற்கு முன், அந்தப் பள்ளியில் விளையாட்டுப் பீரியட் என்பது கணக்கு வாத்தியாரின் உபரிச் சொத்து. மழை வந்தால் கணக்கு, வெயில் கொளுத்தினால் கணக்கு, பரீட்சை நெருங்கினால் கேட்கவே வேண்டாம். தப்பித்தவறி மைதானத்துக்கு வந்தால் ஒரு பந்தைத் தூக்கிப் போடுவார்கள். பத்துப் பையன்கள் உதைப்பார்கள். மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து நகம் கடிப்பார்கள். 'என் பீரியட்ல ஒரு பிள்ளைகூட மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு உட்காரக் கூடாது' என்று சேர்ந்த அன்றே அவள் முடிவு கட்டினாள். இந்த வேலையும் ஒரு வேலைதான் என்று அத்தை உட்பட எல்லோருக்கும் காட்ட வேண்டியிருந்தது.

ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்த கை மைக்கை எடுத்துத் துடைத்து பேட்டரி போட்டாள். அதில் பிறந்ததுதான் ரயில் பந்தயம்.

இரண்டு இரண்டு பேராக, மரத்தடியிலிருந்து எதிர்ச் சுவர் வரை ஓட வேண்டும். அவள் மைக்கில் வர்ணனை சொல்வாள். ஏழாம் வகுப்பில் கால் தரையில் படாமல் ஓடும் ஒரு பையனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தாள். நடுவில் நின்று கூட்டத்துக்குக் கையாட்டிவிட்டு ஓடுகிறவர்கள் பாசஞ்சர். அதே வகுப்பில், மூன்றாவது பெஞ்சில் ஒரு சிறுமி. உருண்டையான உடம்பு. இரண்டு கைகளையும் விறைப்பாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாக, ஆனால் ஒரு தரம்கூட நிற்காமல் ஓடுவாள். அவள் கூட்ஸ்.

வேடிக்கை கூடட்டும் என்று எக்ஸ்பிரஸுக்கு ஜோடியாகக் கூட்ஸையே விடுவாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! முதலாவது நடைமேடையிலிருந்து எக்ஸ்பிரஸ் கிளம்பிடுச்சு, இதோ போய்ச் சேர்ந்துடுச்சு! இரண்டாவது நடைமேடையில நம்ம கூட்ஸ்... அம்பத்தெட்டு பெட்டி... யாரும் தண்டவாளத்துல நிக்காதீங்க... நாளைக்குள்ள வந்துடும்!"

வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிறுமியும் சிரித்தாள். அடுத்த வாரம் அவளே முழங்கைகளைச் சக்கரம் போலச் சுழற்றி, 'கூ' என்று ஊதிக்கொண்டு ஓடினாள். 'எவ்வளவு ஜாலியா எடுத்துக்கிட்டா பாருங்க' என்று டீச்சர் ஆசிரியர் அறையில் வந்து சொன்னாள்.

"அம்மா தாயே," என்றார் கணக்கு வாத்தியார், "உங்க பீரியட் முடிஞ்சு வந்தா ஒண்ணுகூட உட்கார மாட்டேங்குது. நான் பின்னம் நடத்துறதா, சிக்னல் காட்டுறதா?"

தலைமையாசிரியருக்கோ வாயெல்லாம் பல். "சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குதும்மா. இப்பதான் இது பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு."

இரண்டாம் பருவத்தில் கடிதங்கள் வர ஆரம்பித்தன.

'என் மகளுக்கு வயிற்று வலி. ஆகவே விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே அம்மாவின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை நீட்டி ஒரு வளையம் போட்டு, அதற்குக் கீழே இரண்டு புள்ளி வைத்த, பார்க்கவே அழகான கையெழுத்து. கடிதம் கொடுத்துவிட்டு அந்தச் சிறுமி மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருப்பாள்.

பதினொரு கடிதம் சேர்ந்த பிறகுதான் டீச்சருக்கு உறைத்தது. அதுவும் எப்படி? பிள்ளைக்கு என்ன உபாதையோ, வீட்டில் சொல்லி டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும் என்று. வேறு டீச்சர் யார் இப்படித் தேடிப் போவார்கள் என்று போகும் வழியில் ஒரு நிறைவுகூட இருந்தது. அதை நினைத்தால் இன்றும் அவளுக்குக் காது சூடாகும்.

சிறுமியின் அம்மா வேலை செய்தது பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடியில் இருந்த தையல் கம்பெனியில். தைத்து வரும் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டுவது அவர் வேலை. முப்பது மிஷின் ஒன்றாக இரைந்தன. மேசைக்குக் கீழே, வெட்டி விழுந்த துணிகளின் குவியல் மேல் சம்மணமிட்டு அந்தச் சிறுமி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் அவள் பென்சில் நின்றது.

"ஐயோ, டீச்சரா! வாங்க, வாங்க. ஒரு நிமிஷம், கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுறேன். இல்லேன்னா சூப்பர்வைசர் கத்துவாரு" என்றார் அம்மா.

மேசையை விட்டு எழுந்தால் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் பேனாவை மூன்று விரலால் இறுக்கிப் பிடித்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வைத்தார். எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல், ஒன்று மேலே ஒன்று கீழே நின்றன. வளையமும் இல்லை, புள்ளியும் இல்லை.

டீச்சரின் பைக்குள் பதினொரு கடிதங்கள் இருந்தன. பையின் வாயை அவள் கையால் மூடிக்கொண்டாள்.

"உங்களப் பத்தித்தான் வீட்டுல எப்பவும் பேச்சு" என்றார் அம்மா. "விசில் டீச்சர் அப்படிச் சிரிக்க வைப்பாங்க, இப்படிச் சிரிக்க வைப்பாங்கன்னு. இவளுக்கு நீங்க பேரு வேற வச்சிருக்கீங்களாமே? எக்ஸ்பிரஸ்னு!"

மேசைக்குக் கீழே சிறுமி தலையை நிமிர்த்தவில்லை. நோட்டின் ஓரத்தைக் கிழியாத அளவுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நம்பவே முடியல டீச்சர். எங்க வீட்டுல யாருக்கும் ஓட்டம் வராது. நானெல்லாம் பஸ்ஸப் பிடிக்க ஓடினா பஸ்ஸே பாவம் பாத்து நின்னாத்தான் உண்டு. இவ உடம்ப வச்சுக்கிட்டு எக்ஸ்பிரஸாம்! நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இல்லையா டீச்சர்?"

இரைச்சலில் காதில் விழாதது போல இருந்திருக்கலாம். டீச்சர் தலையாட்டினாள். "ஆமாக்கா" என்றாள்.

"ஏய், கேட்டியா!" என்று பக்கத்து மேசைக்குக் குரல் கொடுத்தார் அம்மா. "நான் சொன்னேன்ல? டீச்சரே சொல்றாங்க." பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "அடுத்த சனிக்கிழமை விளையாட்டு விழாவாமே? அரை நாள் லீவு சொல்லிட்டேன். இவ ஓடுறத ஒரு தரமாவது பாத்துடணும்."

வயிற்று வலி பற்றிக் கேட்க வந்தவள் அதை அப்படியே விட்டுவிட்டாள். எதையாவது கேட்டாக வேண்டுமே என்று, "இந்த வேஸ்ட் துணியெல்லாம் என்னக்கா பண்ணுவீங்க?" என்றாள்.

"வேணுமா டீச்சர்? எடுத்துக்குங்க!" என்று அம்மா ஒரு மூட்டையே கட்டிக் கொடுத்தார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது, கல்லூரிப் பேராசிரியரின் முகம் நினைவுக்கு வந்தது. அவருக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம் என்று வீடு போய்ச் சேரும் வரை தேடினாள். அவரிடம் மைக் இல்லை என்பது மட்டுந்தான் கிடைத்தது. பிள்ளை சிரித்தாளே என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அந்தச் சிரிப்பைக் கல்லூரியில் அவளே மாதக்கணக்கில் சிரித்திருக்கிறாள்.

மறுநாள் ஏழாம் வகுப்பை வரிசையில் நிறுத்தி, "இனிமே இங்க எக்ஸ்பிரஸும் கிடையாது, கூட்ஸும் கிடையாது. யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடக் கூடாது" என்றாள்.

நாற்பத்தொரு தலைகள் ஒரே நேரத்தில் திரும்பி அந்தச் சிறுமியைப் பார்த்தன.

அடுத்த பீரியட் மணி அடிக்கும் முன், ஸ்டோர் ரூம் வாசலில் அந்தச் சிறுமி வந்து நின்றாள். டீச்சர் பந்துகளை எண்ணுவது போலப் பாவனை செய்துகொண்டிருந்தாள்.

"டீச்சர், நீங்க அதச் சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"தப்புதாம்மா. அந்தப் பேரு வச்சதே தப்பு. என்னை மன்னிச்சுக்கோ."

"பரவால்ல டீச்சர். நானும் சிரிச்சேன்ல." மூலையில் டீச்சர் கொண்டுவந்து போட்டிருந்த துணி மூட்டையையே பார்த்துக்கொண்டு அவள் பேசினாள். "நீங்க நிறுத்திட்டீங்க. மத்தவங்க நிறுத்த மாட்டாங்க. தண்ணி பிடிக்கப் போனா அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்ககூட, வழி விடு வழி விடு, கூட்ஸ் வருதுங்குது."

டீச்சர் எண்ணிய பந்தையே மறுபடி எடுத்து எண்ணினாள்.

"சனிக்கிழமை எங்க அம்மா வருவாங்க" என்றாள் சிறுமி. "அன்னிக்கு மட்டும் என்னை ஓட விடாதீங்க டீச்சர். கடிதம் தரட்டுமா?"

"லெட்டர் வேண்டாம். யாரும் தனியா ஓட மாட்டாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று தெரியவில்லை. அன்று மாலை மைதானத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஒரு ஜோடி ஓடி, அவள் வர்ணனை சொல்லி, சிரித்து முடிய ஒன்றரை நிமிடம். நாற்பத்திரண்டு பிள்ளைகள், இருபத்தோரு ஜோடி. பீரியட் முழுக்க ஒரு பிள்ளை ஓடியது இருபது விநாடி. கூட்ஸ் நாற்பது. மீதி நேரமெல்லாம் உட்கார்ந்து, ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நகம் கடித்துக்கொண்டிருந்தவர்களை அவள் ஓட வைக்கவில்லை, சிரிக்க மட்டுந்தான் வைத்திருக்கிறாள். சின்ன வயதில் வேகமாக ஓடியவள் அவள். எல்லோரும் பார்க்க ஓடுவதைப் போலச் சுகம் வேறில்லை என்று நினைத்திருந்தாள். எல்லோரும் பார்க்க ஓடுவது இன்னொருத்திக்கு என்னவாக இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மூன்று வருடம் படித்த படிப்பில் இதுகூடவா ஏறவில்லை? அத்தை கேட்ட கேள்வியே நியாயமாகப் பட்டது.

மூட்டையைப் பிரித்தாள். சட்டைக் கரையில் வெட்டி விழுந்த நீளநீளமான துண்டுகள். நீலம், வெள்ளை, கட்டம் போட்டது. ஒரு துண்டை இடுப்பில் பின்னால் செருகிப் பார்த்தாள். வால் மாதிரி தொங்கியது.

வியாழக்கிழமை நாற்பத்திரண்டு பேருக்கும் வால் கொடுத்தாள். மைக்கைப் பூட்டி வைத்துவிட்டாள். "எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள போங்க. அடுத்தவங்க வாலப் பிடுங்குங்க. உங்க வால் போச்சுன்னா அவுட் கிடையாது. அந்தக் கூடையில இன்னொண்ணு எடுத்துச் செருகிட்டு மறுபடி ஓடி வாங்க."

விசில் ஊதியதும் மைதானம் கொதிக்கிற எண்ணெயில் கடுகு விழுந்தது போல ஆயிற்று. யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லை. தன் வாலைக் காப்பதா, எதிரில் இருப்பவன் வாலைப் பறிப்பதா என்பதே பெரும்பாடு. ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. எக்ஸ்பிரஸ் பையன் இடுப்பில் கை வைத்து நின்றான்.

"டீச்சர், யாரு ஜெயிச்சது?"

"தெரியலடா."

"தெரியலன்னா எப்படி டீச்சர்? அப்ப எதுக்கு ஓடினோம்?"

"உனக்கு மூச்சு வாங்குதா?"

"ஆமா."

"நல்லா இருந்துச்சா?"

அவன் யோசித்தான். "இருந்துச்சு. ஆனா நான் எத்தன புடுங்கினேன்னு யாராவது எண்ணியிருக்கணும்."

கூட்டத்துக்குள் அந்தச் சிறுமி எங்கே என்று டீச்சர் கண்ணால் தேடினாள். உடனே கிடைக்கவில்லை. முன்பெல்லாம் தேட வேண்டியிருந்ததே இல்லை.

தலைமையாசிரியரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. "ஓட்டப் பந்தயம் இல்லாம விழாவா? பரிசு யாருக்கும்மா குடுக்குறது?" என்றார். ஏழாம் வகுப்புக்கு மட்டும் என்று கெஞ்சி வாங்கினாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, புது மாதிரி முயற்சி என்றாள். அதுவும் பொய்தான்.

சனிக்கிழமை அம்மா கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்திருந்தார். வரும் வழியெல்லாம் ஓடி வந்திருக்க வேண்டும், நெற்றி வியர்த்திருந்தது. முன்வரிசையில் இடம் பிடித்து, பக்கத்திலிருந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமியைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, டீச்சரைப் பார்த்துக் கையாட்டினார்.

ஏழாம் வகுப்பு இறங்கியது. விசில். வால்கள் பறந்தன. அம்மாவுக்கு மகள் கண்ணில் படவில்லை. எழுந்து, எக்கி, கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஒரு கட்டம் போட்ட வாலைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"ஏய் எக்ஸ்பிரஸ்!" அம்மா இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். "விடாத, எக்ஸ்பிரஸ்! பிடி!"

கால் தரையில் படாமல் ஓடும் அந்தப் பையன் ஓடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். இன்னும் சிலரும் பார்த்தார்கள். சிறுமி மட்டும் திரும்பவில்லை.

பக்கத்திலிருந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி, உதவி செய்கிற நல்லெண்ணத்தோடு அம்மாவின் கையைத் தொட்டாள். "ஆன்ட்டி, எக்ஸ்பிரஸ் அந்த அண்ணன். நீங்க பாக்குறது கூட்ஸ் அக்கா."

டீச்சர் நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. அம்மா உட்கார்ந்தார். ஆட்டம் முடியும் வரை கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

முடிந்ததும் எழுந்து வந்தார். "டீச்சர், அந்தப் பாப்பா ஏதோ கூட்ஸுங்குது. அது யாரு வச்ச பேரு?"

பிள்ளைகள் ஆயிரம் சொல்லும் என்று சொல்லியிருக்கலாம். அம்மா நம்பியிருப்பார், நம்பத்தான் விரும்பினார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. டீச்சர் விசிலைக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

"நான்தாங்க்கா. போன பருவத்துல, மைக்ல. எல்லாரும் சிரிக்கணும்னு வச்சேன்."

அம்மா திரும்பினார். மைதானத்தில் மகள் உதிர்ந்த துணித் துண்டுகளைக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்ததையே பார்த்தார்.

"பேரு வச்சது கூடப் பரவால்ல டீச்சர். உங்களுக்குச் சின்ன வயசு, ஏதோ விளையாட்டா வச்சுட்டீங்க. ஆனா அன்னிக்கு நான் எக்ஸ்பிரஸான்னு கேட்டப்ப தலையாட்டினீங்களே." குரல் உயரவில்லை. "நான் கம்பெனி முழுக்கச் சொல்லிட்டேன்."

டீச்சருக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அம்மா நகர்ந்து போய் மகளின் தோளில் கை வைத்தார். மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள். சொல்லிவிட்டீர்களா என்று கேட்கிற பார்வை. இருவரும் கேட்டைத் தாண்டிப் போனார்கள். அம்மா ஏதோ கேட்க, மகள் தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். தெருமுனையில் அம்மா அவள் இடுப்பில் மிச்சமிருந்த வாலை எடுத்து, மடித்து, தன் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பன்னிரண்டாவது கடிதம் வந்தது. எழுத்து சிறுமியினுடையது. பணிவும் இல்லை, விலக்கும் இல்லை.

'என் மகளுக்கு வயிற்று வலி இல்லை. விளையாட வருவாள். பேர் சொல்லிக் கூப்பிடவும்.'

கீழே ஒன்றையொன்று தொடாத எழுத்துகளில், மேலும் கீழுமாக, அம்மாவின் கையெழுத்து. பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாளின் மறுபக்கம் புடைத்திருந்தது. டீச்சர் அதை மற்றப் பதினொன்றோடு சேர்த்து வைக்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் வருகைப் பதிவேட்டுக்குள் செருகிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள்.

பதிவேட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராக வாசித்தாள். வழக்கமாகத் தலைகளை எண்ணுவதோடு சரி. அந்தச் சிறுமியின் பெயர் வந்தபோது விரலை அதன் மேல் வைத்து வாசித்தாள். இந்த வருடத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இருக்கேன் டீச்சர்" என்றாள் சிறுமி.

பின்வரிசையில் யாரோ மெதுவாக, மிக மெதுவாக, 'கூ' என்று ஊதினார்கள். யார் என்று டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் கேலி முதலில் எந்த மைக்கிலிருந்து கிளம்பியது என்று அவளுக்குத் தெரியும். விரலை அடுத்த பெயரின் மேல் வைத்து வாசித்தாள்.